முகம் சாட்சியாகுமா?

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்ற பழமொழியைக் கேளாதார் தமிழ்நாட்டில் இலர். வீட்டிலே பாட்டிமார் சொல்லுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்கள் சொல்லுகிறார்கள். கோர்ட்டுகளில் கறுப்பங்கி தரித்து நிற்கும் நம்மைப் போன்ற வக்கீல்களும் சமயம் வாய்த்தபோதெல்லாம் சொல்லுகிறோம். பெரும்பாலான மனிதர் விஷயத்தில் அது உண்மையே. சந்தோஷம் வந்தால் முகம் மலர்கிறது. துக்கம் வந்தால் கண் கலங்குகிறது. கோபம் வந்தால் புருவம் நெரிகிறது. ஆனால் பெரும்பாலாருக்குப் பொருந்தும் விதியை எல்லாருக்கும் பொருந்தும் விதியாகக் கொண்டு, அதற்குள் அடங்காதவர்களை நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்றும், திமிர் பிடித்தவர்கள் என்றும், பொய்யர்கள் என்றும் தீர்மானித்துவிடுவது அநியாயம். அவ்வநியாயம் நம் வீடுகளிலும், பள்ளிக்கூடங்களிலும், போலீஸ் ஸ்டேஷன்களிலும், நியாயஸ்தலங்களிலும் ஓசையின்றி நடந்துவருகிறது. அதைப்பற்றி இன்று நம் வாசகர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு காரியமாகக் கள்ளக்குறிச்சிக்குச் சென்றிருந்த நாம், கச்சிராயபாளையம், கோமுகி அணை மார்க்கமாகக் கல்வராயன் மலைமீதேறிக் கரியாலூர் சேர்ந்தோம். அவ்வூருக்குச் சற்று அப்பாலுள்ள ஒரு மலையாளிக் குடியிருப்பில், நண்பர் ஒருவரின் பழக்கத்தால் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் முற்றத்தில் கடுக்காய்களை வரிசை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாம் பெயரைக் கேட்டோம், அவன் திரும்பவில்லை. மிட்டாய் கொடுத்தோம், வாங்கிக்கொண்டான், முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. “அவனோட பேசிப் பிரயோசனமில்லைங்க. கல்லு மாதிரி. அவனை வளர்த்த தாத்தன் செத்தபோது ஊரே அழுதது. இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்லே. பிணத்துக்குப் பக்கத்திலே உட்கார்ந்து இப்படித்தான் அடுக்கிக்கிட்டிருந்தான்” என்றார் அண்டை வீட்டுக்காரர் ஒருவர்.

அப்பொழுது பையனின் தாயார் உள்ளேயிருந்து வந்து திண்ணையின் ஒரு மூலையைக் காட்டினார். அங்கே ஒரு செம்பில் தண்ணீர் வைத்திருந்தது. தாத்தன் படுக்கும் இடம் அதுவாம். அவர் இறந்த நாள்முதல், ஆடுகளை அடைத்ததும் அந்தப் பையன் செம்பைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அதே மூலையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவானாம். யாராவது அதை எடுத்துவிட்டால் அன்றிரவு உறங்கமாட்டானாம். அவ்வாறு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். “அவனுக்கு அழத் தெரியாதுங்க ஐயா. மறக்கவும் தெரியாதுங்க” என்றார் அத்தாயார்.

நாம் வைத்தியர் அல்லோம். அப்பையனுடைய நிலைக்கு இன்ன பெயர் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும், மலையிறங்கி வரும்போது அந்தத் தாயாரின் வார்த்தை நம்மை விட்டு அகலவில்லை. ஊர் முழுவதும் அவன் முகத்தைப் பார்த்தது; தாய் ஒருத்தி மட்டும் செம்பைப் பார்த்தாள். உலகத்திலுள்ள பெரிய வைத்தியசாலைகளிலும் கலாசாலைகளிலும் பல வருஷங்களாக ஆராய்ந்து கண்ட உண்மையும் அந்தத் தாயார் கண்டதற்கு மிகவும் நெருங்கியதாகவே இருக்கிறது.

அவ்வுண்மை யாது? உணர்ச்சி வேறு, அதை வெளியே காட்டும் சக்தி வேறு. நம் முன்னோர் இவ்விரண்டின் உறவை நன்கு ஆராய்ந்தவர்கள். உள்ளத்தில் எழுவது உடலில் புலப்படுவதற்கு ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு, நகை முதல் உவகை ஈறாக எட்டு வகையாகப் பிரித்துத் தொல்காப்பியத்தில் ஒரு தனி இயலே வகுத்துவிட்டார்கள். திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஆனால் மெய்ப்பாடு என்பது உள்ளத்துக்கும் உடலுக்கும் இடையே உள்ள ஒரு வாய்க்கால் போன்றது. வாய்க்காலில் தண்ணீர் வராததைக் கண்டு ஏரி வற்றிவிட்டது என்று சொல்லுபவன் நல்ல விவசாயியாகமாட்டான். மதகு எப்படியிருக்கிறது என்று போய்ப் பார்ப்பவனே விவசாயி.

மூளையின் அமைப்பும் போக்கும் எல்லா மனிதருக்கும் ஒரே அச்சில் வார்த்தவையல்ல. சிலருக்குப் பிறவியிலேயே அவை வேறுவிதமாக அமைகின்றன. அவ்விதமான நிலைகளில் ஒன்றுக்கு ஆட்டிஸம் என்று பெயர். 1943-ம் வருஷத்தில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த டாக்டர் லியோ கானர், 11 குழந்தைகளைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பிறருடன் உணர்ச்சித் தொடர்பு கொள்வதிலுள்ள கோளாறு என்றே அவர் அதற்குத் தலைப்பிட்டார். அதன் பின்னர் ஆட்டிஸத்தைப்பற்றிய கருத்துக்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் ‘இவர்களுக்கு உணர்ச்சி இல்லை’ என்று பாமரர் மனத்தில் பதிந்துபோன எண்ணம் மட்டும் எளிதில் மாறவில்லை.

ஆராய்ச்சி சொல்லுவது வேறு. ஆட்டிஸமுள்ளவர்களின் முகபாவங்களைப்பற்றி நடந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றாகத் தொகுத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மற்றவர்களைவிட அவர்கள் முகத்தில் உணர்ச்சிக்குறிகள் தோன்றுவது குறைவு, தோன்றினாலும் நிற்கும் நேரம் குறைவு என்று அது கண்டது. ஆனால் தோன்றும்போது அக்குறிகளின் வேகம் குறைந்ததாக இல்லை. பிறர் சிரிக்கக்கண்டு தாமும் சிரிக்கும் வழக்கம் இவர்களிடம் குறைவு, அவ்வளவே. அதோடு, தமக்குள் எழும் உணர்ச்சி இன்னதென்று அடையாளம் கண்டு பெயர் சொல்லுவதே சிலருக்குக் கஷ்டமாயிருக்கிறது. பாஸ்டன் நகரத்து டாக்டர் பீட்டர் ஸிப்னியாஸ் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் அதற்கு ‘அலெக்ஸிதைமியா’ என்று பெயரிட்டார். உணர்ச்சிக்குச் சொல் இன்மை என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் கருத்து. 2019-ல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வின்படி, ஆட்டிஸமுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் இத்தன்மை காணப்படுகிறது. மற்றவர்களிடத்தில் 20 பேரில் ஒருவருக்கே உண்டு. ஆதலால் ஆட்டிஸமுள்ள எல்லாரும் ஒரே மாதிரியானவர்கள் என்று நினைப்பதும் பிசகு.

முகம் அசையாவிட்டாலும் உள்ளே புயல் வீசக்கூடும் என்பதற்கு இதற்குப் பக்கத்திலுள்ள வேறொரு நிலையிலிருந்தும் சான்று உண்டு. ஸ்கிட்ஸோப்ரீனியா என்னும் மனநோயுள்ளவர்களுக்கும் முகபாவம் குறைந்துவிடுவது வழக்கம். 1996-ல் ஆன் கிரிங், ஜான் நீல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அத்தகையோருக்குச் சினிமாக் காட்சிகளைக் காட்டிப் பரீட்சித்தார்கள். அவர்களுடைய முகங்கள் மற்றவர்களுடைய முகங்களைவிடக் குறைவாகவே அசைந்தன. ஆனால் தாங்கள் அனுபவித்ததாக அவர்கள் சொன்ன உணர்ச்சிகள் மற்றவர்களுடையவற்றுக்குக் குறையவில்லை. உணர்ச்சி மிகும்போது வியர்வையினால் தோலில் உண்டாகும் நுட்பமான மாறுதலைக் கருவி கொண்டு அளந்தபோது, அது அவர்களிடம் அதிகமாகவே இருந்தது! பார்ப்பவர் கண்ணுக்குக் கல். கருவியின் கணக்குக்கு அனல்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சிறு வயது முதல் ஒருவனுடைய முகம் அமைதியாகவே இருந்துவருவது வேறு. நேற்றுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவனின் முகம் இன்று மரத்துப்போவது வேறு. பின்னது மனச்சோர்வின் அறிகுறியாகவோ, பார்க்கின்ஸன் வியாதி போன்ற நரம்புக் கோளாறின் அறிகுறியாகவோ, சில மருந்துகளின் விளைவாகவோ இருக்கலாம். அதைச் சுபாவமென்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். முன்னதை வியாதியென்று கருதி அடித்துத் திருத்த முற்படக்கூடாது.

மறுபடியும் கல்வராயன் மலைக்கு வருவோம். அம்மலை மக்கள் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டது 1976-ல்தான். 1947-ல் தேசம் சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது வருஷங்கள் அவர்கள் அப்பிடியிலேயே கிடந்தார்கள். 2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்ட கோரம் நிகழ்ந்த பிறகே, சென்னை ஹைகோர்ட்டு இம்மலை மக்களின் வாழ்க்கை வசதிகளைப்பற்றித் தானாகவே முன்வந்து விசாரிக்கத் தொடங்கிற்று. இவ்வளவு காலமும் அவர்கள் கொடிபிடித்துக் கோஷமிடவில்லை. ஆகவே அவர்களுக்குக் குறையொன்றுமில்லை என்று சமவெளியிலுள்ளவர்கள் இருந்துவிட்டோம். இரைந்து சொல்லாதவனுக்குக் குறையில்லை, அழாதவனுக்குத் துக்கமில்லை என்ற இரண்டும் ஒரே தப்பான நியாயத்தின் இரண்டு கிளைகள். அரசியல் ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நம் நேயர்கள் முதலாவதை நன்கு அறிவார்கள். இரண்டாவதையும் அறியவேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

மலைவாசிக்குச் சமவெளிக்காரனுடைய போக்குப் புரிவதில்லை. சமவெளிக்காரனுக்கு மலைவாசியின் போக்குப் புரிவதில்லை. ஆனால் ‘புரியாதவன்’ என்ற பட்டம் எப்பொழுதும் மலைவாசிக்கே சூட்டப்படுகிறது. இதே பாரபட்சம் ஆட்டிஸ விஷயத்திலும் உண்டென்பதை டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 2012-ல் எடுத்துக்காட்டினார். அவரே ஆட்டிஸமுள்ளவர். ஆட்டிஸமுள்ளவருக்குப் பிறர் மனம் அறியும் சக்தி குறைவு என்று பேசுகிறோமே, பிறருக்கு ஆட்டிஸமுள்ளவரின் மனத்தை அறியும் சக்தி இருக்கிறதா என்று அவர் வினவினார். அறியாமை இரு பக்கமும் இருக்க, குற்றம் மட்டும் ஒரு பக்கத்தில் சுமத்தப்படுகிறது என்பது அவருடைய வாதம்.

அவ்வாதத்துக்கு வலுவளிப்பதாக 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. ஆட்டிஸமுள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசியதைப் படம்பிடித்து, முன்பின் அறியாத சிலருக்குச் சில விநாடிகள் மட்டும் காட்டினார்கள். இவர்களில் யாருடன் பழக விரும்புவீர்கள் என்று கேட்டதற்கு, பார்த்தவர்கள் ஆட்டிஸமுள்ளவர்களை ஒதுக்கினார்கள். பிறகு அவர்கள் பேசிய பேச்சை மட்டும் எழுதி வாசிக்கக் கொடுத்தார்கள். அப்பொழுது அந்த வேற்றுமை மறைந்துவிட்டது! பேச்சில் குற்றமில்லை, விஷயத்தில் குற்றமில்லை. முகத்தையும் குரலையும் கண்டு கேட்டவர்களின் மனத்திலேதான் வெறுப்புப் பிறந்தது.

வீட்டிலும் வீதியிலும் இவ்வெறுப்பினால் ஒருவனுக்கு நண்பர்கள் குறையலாம். நியாயஸ்தலத்திலோ அவனுடைய சுதந்திரமே போய்விடலாம். நமது சட்டம் சாட்சியின் நடத்தையைக் கவனிக்க நீதிபதிக்கு இடங்கொடுத்திருக்கிறது. 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 18-வது ஆர்டர் 12-வது விதியும், 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 280-வது பிரிவும் இதைச் சொல்லின. பின்னதற்குப் பதிலாக 2024-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையின் 315-வது பிரிவிலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. சாட்சி விசாரிக்கப்படும்போது அவனுடைய தோற்றமும் நடத்தையும் எப்படியிருந்தன என்பதில் முக்கியமென்று தோன்றுவதை நீதிபதி குறித்து வைக்கலாம். ஏற்பாட்டில் தவறில்லை. ஆனால் எதை முக்கியமென்று கருதுவது? கண்ணோடு கண் பார்க்காதவன் பொய்யன். துக்கத்தைச் சொல்லும்போது குரல் தழுதழுக்காதவன் வேஷதாரி. இவ்விரண்டு அளவுகோல்களே நம் மனத்தில் ஊறியிருக்கின்றன. இவ்விரண்டும் ஆட்டிஸமுள்ளவனை முதல் பார்வையிலேயே தண்டித்துவிடுகின்றன.

இதை நாம் பிறரைக் குறைகூறும் பொருட்டுச் சொல்லவில்லை. குற்றவாளிக் கூண்டில் நாமே நிற்கிறோம். நாம் வக்கீல் தொழிலில் புகுந்த சில வருஷங்களுக்குள், ஒரு ஜில்லாக் கோர்ட்டில், அடிதடியில் ஒருவர் இறந்த வழக்கில் எதிரிக்காக ஆஜரானோம். இறந்தவரின் தம்பி முக்கிய சாட்சி. அவர் கூண்டிலேறி, தமையன் விழுந்ததையும் இரத்தம் பெருகியதையும், கடைக் கணக்கு வாசிப்பவர்போல, ஒரே குரலில், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நமக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குறுக்கு விசாரணையில் நிகழ்ச்சிகளைப்பற்றி அதிகம் கேட்கவில்லை. “உம்முடைய அண்ணன் செத்தபோது அழுதீரா?” என்று கேட்டோம். “இல்லை” என்றார். “இப்பொழுது துக்கமாயிருக்கிறதா?” என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்து, “தெரியவில்லை” என்றார். வாதத்தின்போது அவ்விரண்டு பதில்களையும் எடுத்துவைத்து, உடன்பிறந்தவன் இப்படியா பேசுவான், இது சொல்லிக்கொடுத்த சாட்சியம் என்று முழங்கினோம். நம் கட்சிக்காரர் விடுதலையானார். பலர் நம்மைப் பாராட்டினார்கள்.

பல வருஷங்களுக்குப் பிறகு அவ்வூர்க்காரர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். “அந்தத் தம்பி பிறந்தது முதலே அப்படித்தான். அண்ணன் ஒருவரோடுதான் பேசுவார். அவர் போன பிறகு யாரோடும் பேசுவதில்லை” என்றார். அந்தச் சாட்சியம் மெய்யா, பொய்யா என்று இன்றும் நாம் அறியோம். வேறு காரணங்களாலும் அவ்வழக்கு விடுதலையில் முடிந்திருக்கலாம். ஆனால் நாம் அதைச் சோதிக்கவில்லை. அம்மனிதருடைய முகத்தைக் காட்டி ஜயித்தோம். உள்ளதை உள்ளபடி ‘தெரியவில்லை’ என்று சொன்ன ஒரு பதிலைப் பொய்க்கு அடையாளமாக்கினோம். கரியாலூரில் அந்தச் செம்பைப் பார்த்தபோது நம் நெஞ்சைச் சுட்டது இதுவே.

நம் அநுபவம் ஒன்று மட்டுமா? ஆட்டிஸமுள்ள பெரியவர்கள் உண்மையைச் சொல்லும்போதும், பார்ப்பவர்கள் அவர்களை வஞ்சகர்களென்றும் நம்பத்தகாதவர்களென்றும் எண்ணிவிடுகிறார்கள் என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சில வருஷங்களுக்கு முன் கண்டு வெளியிட்டிருக்கிறார்கள். அதே தேசத்தில் நடந்த லிண்டி சேம்பர்லெய்ன் வழக்கு உலகப் பிரசித்தமானது. அவருக்கு ஆட்டிஸம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. ஆயினும் முகத்தைக் கண்டு தீர்ப்பளிப்பதன் அபாயத்துக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் அரிது. 1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் உளுரு பாறையருகே அவருடைய கைக்குழந்தையை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றது. அத்தாய் பத்திரிகைக்காரர்கள் முன்னும் கோர்ட்டிலும் எதிர்பார்த்தபடி கதறி அழவில்லை. ஆகவே அவரே குழந்தையைக் கொன்றிருப்பார் என்று ஊர் பேசியது. விஞ்ஞானச் சாட்சியம் என்ற பெயரில் தவறான ருசுக்களும் வந்து சேர்ந்தன. 1982-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1986-ல் குழந்தையின் சட்டை ஒன்று அகப்பட்ட பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். 1988-ல் தண்டனை ரத்தாயிற்று. குழந்தையைக் கொன்றது டிங்கோவே என்று அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்க 2012 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தாயின் வறண்ட கண்களை ஊர் மன்னிக்க 32 வருஷங்கள்!

இனி ஓர் ஆட்சேபம் எழலாம். ‘முகத்தையே பார்க்கக்கூடாதென்றால், கல்நெஞ்சம் படைத்த குற்றவாளிகளும் எனக்கு ஆட்டிஸம் என்று சொல்லித் தப்பிவிடமாட்டார்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நாம் யாரையும் தப்பவிடச் சொல்லவில்லை. ஆட்டிஸமுள்ளவனும் பொய் சொல்லலாம், குற்றமும் செய்யலாம். அதைத் தேதியினாலும், தஸ்தாவேஜினாலும், மற்றச் சாட்சிகளினாலும் ருசுப்படுத்துங்கள் என்பதே நமது வாதம். நெஞ்சு உருக நடிக்கத் தெரிந்த பொய்யனுக்கு நம் தற்போதைய வழக்கம் எவ்வளவு அநுகூலமென்பதையும் ஆட்சேபிப்பவர்கள் யோசிக்கவேண்டும். முகத்தை நம்பும் கோர்ட்டு நடிகனை விடுவிக்கும். நடிக்கத் தெரியாதவனைச் சிறைக்கனுப்பும்.

சட்டம் நமக்கு விரோதமாயில்லை. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தையும் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. அச்சட்டத்தின் 12-வது பிரிவு, எந்தக் கோர்ட்டையும் அதிகாரியையும் பாரபட்சமின்றி அணுகும் உரிமை அவர்களுக்குண்டென்று சொல்லுகிறது. அவர்கள் தங்களுக்கு ஏற்ற பாஷையிலும் முறையிலும் சாட்சியம் சொல்ல வசதி செய்யவேண்டிய கடமையைச் சர்க்காருக்கு விதிக்கிறது. 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டத்தின்படி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானத்தைக் கேளாமலே இலவச வக்கீல் உதவி உண்டு. கரியாலூர்ப் பையன் போன்ற ஒருவன் நாளை ஏதேனும் ஒரு வழக்கில் சிக்கினால் இரண்டு வழியிலும் அவ்வுதவிக்கு உரியவன். ஆனால் உரிமை புஸ்தகத்தில் இருக்கிறது; அதை மலைமேல் கொண்டுபோய்ச் சொல்லுவார்தான் இல்லை.

சட்டத்தில் இடம் தந்த சர்க்கார், பெயரில் இடறிவிட்டது. ‘புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்’ என்ற தொடரைச் சர்க்கார் அறிக்கைகளிலே காண்கிறோம். புற உலகச் சிந்தனை அற்றவனா தினந்தோறும் செத்துப்போன தாத்தனுக்குத் தண்ணீர் வைக்கிறான்? முகத்தில் தெரியாததை மனத்தில் இல்லாததாக எண்ணும் பழைய பிழை இங்கே சர்க்கார் முத்திரையுடன் உலவுகிறது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை 2010-ல் விலக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று மாற்றிய தமிழ்நாட்டுக்கு, இதையும் மாற்றுவது அரிய காரியமன்று. தகுந்த தமிழ்ச் சொல் அமையும் வரையில் ‘ஆட்டிஸமுள்ளவர்’ என்றே எழுதலாம். ஒருவனை அவமதிக்கும் தமிழைவிட அவமதிக்காத பிறமொழிச் சொல் மேல்.

செய்யவேண்டியவை எவை? முதலாவதாக, சாட்சியின் நடத்தையைக் குறிக்கும் நீதிபதிகள், அந்நடத்தைக்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா என்பதையும் விசாரித்துக் குறிக்கவேண்டும். வக்கீல்களாகிய நாம், கண்ணீர் இல்லாமையை வாதமாக்கும் வழக்கத்தை விட்டொழிக்கவேண்டும். இரண்டாவதாக, போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சியளிக்கும்போது, கேள்விக்குத் தாமதித்துப் பதில் சொல்லுவதும், கண்ணைப் பாராதிருப்பதும், முகம் அசையாதிருப்பதும் மட்டுமே சந்தேகத்துக்குக் காரணமாகா என்பதைக் கற்பிக்கவேண்டும். மூன்றாவதாக, உபாத்தியாயர்கள் ‘சிரி’, ‘கண்ணைப் பார்’ என்று பிள்ளைகளை வதைப்பதை நிறுத்தவேண்டும். பிறர் திருப்திக்காக இடைவிடாமல் முகபாவம் நடித்துப் பழகியவர்கள், அந்நடிப்பே தங்களைக் களைப்பித்து நோயாளியாக்கிவிட்டதென்று பெரியவர்களான பின் சொல்லிவருகிறார்கள்.

நான்காவது, வைத்திய வசதி. ஆட்டிஸத்தை அளவிட இந்தியாவிலேயே தயாரித்த ஓர் அளவுகோல் 2009 முதல் வழக்கத்தில் இருக்கிறது. அதன் 40 கேள்விகளில் உணர்ச்சி சம்பந்தமானவையும் உண்டு. சென்னைக்கருகே முட்டுக்காட்டில் பலவகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய ஸ்தாபனம் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் 2022-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆனால் அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையுடன் மலையிறங்கி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அலைய எந்த மலையாளிக் குடும்பத்தால் இயலும்? குழந்தைகளின் வளர்ச்சியை அறிந்த வைத்தியர்கள் குறித்த நாட்களில் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் போய், மலைமக்களின் பேச்சு வழக்கு அறிந்த ஒருவரைத் துணைக்கொண்டு, தாய்மார்கள் சொல்லுவதைப் பொறுமையுடன் கேட்கவேண்டும். ஏனெனில் ஒரு நாள் பார்க்கும் வைத்தியருக்குப் பையனுடைய முகந்தான் தெரியும்; செம்பைப்பற்றிச் சொல்லத் தாய்க்குத்தான் தெரியும்.

கடைசியாக, நம் வாசகர்களாகிய பொது ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் கூட்டங்கள் நடத்துகிறோம். கைதட்டுகிறவனை உண்மைத் தொண்டனென்றும், அசையாமல் உட்கார்ந்திருப்பவனை ஆர்வமற்றவனென்றும் கணக்கிடுகிறோம். இழவு வீட்டில் யார் எவ்வளவு அழுதார் என்று பார்க்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் சிரிக்காத பெண்ணை அகங்காரி என்கிறோம். இவ்வழக்கத்தை முதலில் நம்மிடத்திலேயே திருத்திக்கொள்ளவேண்டும். ஒருவன் காட்டும் முகத்தை விட்டுவிட்டு, அவன் நாள்தோறும் செய்யும் காரியத்தைப் பார்க்கப் பழகுவோம். அவனிடமே நிதானமாகக் கேட்போம். பதில் வரத் தாமதித்தால் காத்திருப்போம். வாயால் சொல்ல முடியாதவன் எழுதிக்காட்டினால் படிப்போம்.

நாம் கரியாலூரிலிருந்து புறப்படும் சமயத்தில் மாலையாகிவிட்டது. ஆடுகள் பட்டிக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பையன் கடுக்காய்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, எவரையும் பாராமல், திண்ணை மூலைக்குப் போய்ச் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தான். அவனைக் கல் என்று சொன்ன அண்டை வீட்டுக்காரர் அவன் போவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். நம் கோர்ட்டுகளும் சர்க்காரும் பள்ளிக்கூடங்களும் இவர்களுக்கு அவ்வளவு வழிவிட்டாலும் போதும்.